தீயை அணைத்த தண்ணீர் எங்கே போனது? கார்னூபியா கிடங்குத் தீ: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்க நகராட்சிகளின் கணக்கு ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் தீயணைப்புத் துறைக்கு 2021–22ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் நாளே பெரும் சோதனையாக விடிந்தது. 2021 ஜூலை 12ஆம் தேதி இரவு, நகரின் வடக்கே கார்னூபியாவில் இருந்த யூ.பி.எல். என்ற வேளாண் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கைக் கும்பல் ஒன்று சூறையாடித் தீ வைத்தது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என அடுக்கியிருந்த சரக்கு கனன்று அடங்க ஏறத்தாழப் பத்து நாட்கள் பிடித்தன. அதற்குள் அருகிலிருந்த ஓடை பச்சை கலந்த நீல நிறமாக மாறியது, கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதந்தன, டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைகள் மூடப்பட்டன.

அந்த ஆண்டின் கட்டடத் தீ எண்ணிக்கையில் கார்னூபியாவின் பங்கு ஒன்று. எந்தக் குடிசைத் தீயும், எந்தக் கடைத் தீயும் அதே பட்டியலில் ஒன்றாகத்தான் ஏறும். ஒரு தீயணைப்புத் துறையின் ஆண்டை நாம் அளக்கும் முறையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறோம். அந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வண்டி புறப்படும் முன்பே துறைக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பதில்லை. கார்னூபியாவில் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

எங்கள் கரும்பு நிலம்

கார்னூபியா நேற்றுவரை கரும்புத் தோட்டம். என்-2 நெடுஞ்சாலைக்கு மேற்கே, டோங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனத்தின் கையில் இருந்த நிலம் வீடுகளும் கிடங்குகளும் கடைகளும் கலந்த புதுநகரமாக வளர்ந்தது. ஒரு பக்கம் பீனிக்ஸ். தெற்கே மவுண்ட் எட்ஜ்கோம். நெடுஞ்சாலைக்கு அப்பால் கடலோரத்தில் வசதிபடைத்தோர் வாழும் உம்ஷ்லாங்கா. கிடங்குக்கு அண்மையிலேயே பிளாக்பர்ன் என்ற தகரக் குடியிருப்பு.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நட்டாலின் வடகரைக் கரும்பில் உழைத்தார்கள். மவுண்ட் எட்ஜ்கோமின் பழைய கோயில் வளாகம் அந்த உழைப்பாளிகள் விட்டுச்சென்றது. இன்றும் ஈஸ்டர் வாரத்து மாரியம்மன் விழாவுக்கு, அவர்களின் வழிவந்த நாங்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். பீனிக்ஸ், இன ஒதுக்கல் அரசு குழுப்பகுதிச் சட்டத்தைக் கொண்டு நகரத்துக்குள்ளிருந்து விரட்டிய இந்தியக் குடும்பங்களுக்காக 1976 முதல் எழுப்பிய ஊர். இந்த ஆய்வில் வரும் புகையும் நீரும் தமிழர்கள் ஐந்து தலைமுறையாக வாழ்ந்த மண்ணின் மீதும், அவர்களுக்கு அண்டை வீட்டாரான ஜூலு மக்களின் தகரக் கூரைகளின் மீதும் ஒரே நேரத்தில் படர்ந்தவை.

துறையின் ஓர் ஆண்டு

தீயணைப்புப் பணி உள்ளாட்சியின் பொறுப்பு என்று 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை சொல்கிறது. அதற்கு முன்பே வந்த 1987ஆம் ஆண்டின் 99ஆம் எண் தீயணைப்புப் பணிச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அந்தச் சட்டம் கடமைகளைச் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். தீ மூளாமலும் பரவாமலும் தடுப்பது முதலில் வருகிறது; அணைப்பது அதற்கு அடுத்தது; உயிரையும் உடைமையையும் தீயிலிருந்தும் பிற ஆபத்திலிருந்தும் காப்பதும் மீட்பதும் பின்னர். 2020இல் அரசு ஏற்றுக்கொண்ட தீயணைப்புப் பணி வெள்ளை அறிக்கையும், அணைப்பை மையமாக வைத்த பழைய போக்கிலிருந்து தடுப்பை நோக்கித் திரும்ப வேண்டும் என்கிறது. சட்டத்தில் முதலிடம் பெற்ற வேலை நடைமுறையில் கடைசி இடத்துக்குப் போனதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

எத்தெக்வினியின் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 42 லட்சத்தைத் தாண்டுகிறது. துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள், இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள், கரும்புக் காடு, 500க்கும் மேற்பட்ட முறைசாராக் குடியிருப்புகள் எல்லாம் ஒரே துறையின் பொறுப்பில் இருக்கின்றன. மழை குறைந்த குளிர்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மலைப்பக்கமிருந்து வீசும் வறண்ட வெப்பக் காற்றில் புல்வெளிகள் எரியும். அதே மாதங்களில்தான் கென்னடி சாலை போன்ற குடியிருப்புகளில் மண்ணெண்ணெய் அடுப்போ மெழுகுவத்தியோ சாய்ந்து, ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள் வரிசையாகப் போகும். சந்துகள் குறுகியவை, வண்டி உள்ளே நுழையாது, குழாயை நீட்டிக்கொண்டு ஓட வேண்டும். அறுவடைக் காலத்தில் தோட்டங்களே கரும்புத் தோகையை எரிக்கும். காற்று திசை மாறினால் அதுவும் அழைப்பாகிவிடும். தீபாவளி நெருங்கும்போது பட்டாசு விற்பனை அனுமதி, வெடிக்கும் நேர வரம்பு, புகார்கள். தைப்பூசக் காவடி, தீமிதி போன்ற பெருந்திரள் விழாக்களுக்கு வெளியேறும் வழி, வண்டி நுழையும் வழி பற்றிய ஆலோசனை. நெடுஞ்சாலையில் வேதிப்பொருள் லாரி கவிழ்ந்தால் அதையும் இவர்கள்தான் கையாள வேண்டும்.

2021–22 இந்த வழக்கமான சுமையோடு நிற்கவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஜூலைக் கலவரம். முடிவுக்குச் சற்று முன் 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளின் பெருவெள்ளம். ஒரு நாளில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்பு வீரர்கள் சேற்றுக்குள் உடல் தேடினார்கள். நகரின் வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குடிநீர் நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் ஊருக்குக் குழாய்நீர் இல்லை. குழாயில் நீர் இல்லாத ஊரில் தெருவோரத் தீயணைப்புக் குழாயிலும் நீர் இருக்காது. ஒவ்வொரு தீக்கும் லாரியில் தண்ணீர் சுமந்து போக வேண்டும். இதையெல்லாம் 'சம்பவங்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் கூட்டிக் காட்டும் அட்டவணை, வேலை செய்தவர்களுக்கும் நீதி செய்வதில்லை, படிப்பவர்களுக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை.

ஜூலை 12

முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ஜூலை 7ஆம் தேதி இரவு சிறைக்குச் சென்றார். 9ஆம் தேதி முதல், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் சாலை மறியலும் லாரி எரிப்பும் தொடங்கின; பின்னர் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. அடங்குவதற்குள் நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பீனிக்ஸில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எங்கள் தெருமுனைகளில் எழுந்த தடுப்புகளுக்குப் பின்னால் இந்தியர்களைக் குறிவைத்த 1949இன் டர்பன் கலவரத்தையும், 1985 ஆகஸ்டில் அண்டையிலுள்ள இனாண்டாவில் இந்தியர் வீடுகள் எரிந்ததையும் அந்த நாட்களில் காந்தி அங்கே நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு தீக்கிரையானதையும் கேட்டு வளர்ந்தவர்களின் அச்சம் இருந்தது. அந்த அச்சம் உண்மையானது. அதன் பெயரால் நடந்த கொலைகளும் உண்மையானவை. அவற்றை மழுப்பிவிட்டு இந்த நிகழ்வைப் பேச எனக்கு மனமில்லை.

தீயணைப்புத் துறைக்கு இதன் பொருள் என்ன? ஒரே இரவில் நகரின் பல மூலைகளிலும் கட்டடங்கள் எரிகின்றன. கலவரக்காரர்களின் மறியலும் குடியிருப்போரின் தடுப்புகளும் வண்டிகளை ஒரேபோல் நிறுத்துகின்றன. காவல்துறையின் துணையின்றி வீரர்களை உள்ளே அனுப்புவது அவர்களைப் பலிகொடுப்பதாகும். ஜூலை 13ஆம் தேதி நகர மையத்தில், கீழ்த்தளக் கடைகளுக்குத் தீ வைத்திருந்த கட்டடத்தின் மேலிருந்து ஒரு தாய் தன் இரண்டு வயதுக் குழந்தையைக் கீழே கூடியிருந்தவர்களின் கைகளில் எறிந்ததை உலகமே படத்தில் பார்த்தது. பிடித்தவர்கள் வழிப்போக்கர்கள். எந்த நகரத் தீயணைப்புத் துறையும் இத்தனை தீக்களை ஒரே நேரத்தில் சந்திக்கும் அளவுக்கு வண்டியும் ஆளும் வைத்திருப்பதில்லை, வைத்திருக்கவும் முடியாது. தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம் 10090, நெருக்கமான வணிக, தொழிற்பகுதிகளுக்கு 8 நிமிடத்தில் வண்டி சேர வேண்டும் என்கிறது. வழக்கமான குடியிருப்புகளுக்கு 13 நிமிடம். அந்த வாரத்தில் அந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

அதனால் கார்னூபியாவுக்கு வண்டி தாமதமாகப் போனதை நான் துறையின் குற்றமாக எழுதமாட்டேன். தாமதம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமைதியான நாட்களிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். தீ மூட்டியது கலவரக்காரராக இருக்கலாம், மின்கசிவாக இருக்கலாம், ஒரு தொழிலாளியின் சிகரெட்டாக இருக்கலாம். உள்ளே இருக்கும் நஞ்சு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

ஊற்றுவதா, எரியவிடுவதா

வேதிப்பொருள் கிடங்குத் தீயின் தலைமை அதிகாரிக்கு முன்னால் நிற்கும் முடிவு, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் கடினமானது. வீட்டில் தீ பிடித்தால் தண்ணீர், அதில் குழப்பமில்லை. பூச்சிக்கொல்லிகளோ பெரும்பாலும் கரிமச் சேர்மங்கள். போதிய வெப்பமும் காற்றும் கிடைத்து நன்றாக எரிந்தால் அவற்றின் பெரும்பகுதி சிதைந்துவிடும். புகையும் உயரே எழும்பிக் கலைந்துபோகும். தண்ணீரை ஊற்றி வெப்பத்தைத் தணித்தால் எரிதல் அரைகுறையாகிறது. புகை தரையோடு தவழ்கிறது, சிதையாத நஞ்சு அதில் மிஞ்சுகிறது. மூட்டைகளிலும் பீப்பாய்களிலும் எரியாமல் கிடந்த சரக்கைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறுகிறது. இதனால்தான் இத்தகைய தீக்களில், சுற்றியுள்ள கட்டடங்களுக்குப் பரவாமல் காத்துக்கொண்டு, எரிவதைக் கட்டுப்பாட்டோடு எரியவிடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் உத்தி.

ஆனால் எரியவிடுவது என்றால் யாருடைய காற்றில்? ஒரு பக்கம் பிளாக்பர்னின் தகர வீடுகள். அவற்றில் சாத்துவதற்குச் சரியான ஜன்னல்கூடக் கிடையாது. மறுபக்கம் பீனிக்ஸ், கடற்பக்கம் உம்ஷ்லாங்கா. நுரையைப் பயன்படுத்தினால் தண்ணீர் குறையும். அந்த நுரையிலேயே எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்கள் கலந்திருந்தால் ஆற்றுக்கு இன்னொரு கேடு. இதில் நல்ல விடை எதுவும் இல்லை, குறைந்த தீங்கு எது என்ற தேர்வுதான் உண்டு. அந்தத் தேர்வைச் சரியாகச் செய்ய அதிகாரிக்கு மூன்று செய்திகள் கையில் இருக்க வேண்டும்: உள்ளே என்ன பொருள் எவ்வளவு இருக்கிறது, காற்று எங்கே வீசுகிறது, ஊற்றும் நீர் எந்த வடிகாலில் இறங்கி எந்த ஆற்றைச் சேரும். காற்றை அங்கேயே அறியலாம். மற்ற இரண்டும் தீ வருவதற்கு முன்பே கோப்பில் இருந்தாக வேண்டியவை.

நீரின் அளவைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு நீர்ப்பீரங்கி நிமிடத்துக்கு 2,000 லிட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 1,20,000 லிட்டர். ஒரு நாள் நிறுத்தாமல் வீசினால் 28,80,000 லிட்டர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவைவிட அதிகம், அதுவும் ஒரே பீரங்கியில். அந்த நீரைத் தேக்கி வைக்கக் கிடங்கு வளாகத்துக்குள் குளமோ உயரமான வரம்புச் சுவரோ இல்லையென்றால் அது மழைநீர் வடிகாலில்தான் இறங்கும். மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்குப் போகிறது. கார்னூபியாவில் இருந்த தேக்க ஏற்பாடுகள் வெளியேறிய நீருக்குப் போதவில்லை.

ஓடை, கழிமுகம், கடல்

நச்சுநீர் வடிகால் வழியாக ஓஷ்லாங்கா ஆற்றின் ஒரு கிளையோடையில் இறங்கியது; அங்கிருந்து ஆற்றுக்கும், உம்ஷ்லாங்காவின் இயற்கைக் காப்பகத்தை ஒட்டிய கழிமுகத்துக்கும், இந்தியப் பெருங்கடலுக்கும் போனது. செத்த மீன்களையும் மற்ற நீருயிர்களையும் டன் கணக்கில் அள்ளினார்கள். கழிமுகம் மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில். அங்கே விழுந்த அடி அந்த ஆண்டு மீனோடு முடிவதில்லை. கடற்கரைகளில் குளிக்கவும் மீன் பிடிக்கவும் சிப்பி எடுக்கவும் விதித்த தடை மாதக்கணக்கில் நீண்டது. தூண்டில் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, கலவரத்தில் கடைகள் காலியான அதே வாரத்தில், கடலும் மூடிக்கொண்டது. கூலி ஒப்பந்தம் முடிந்த கையோடு கடலுக்குப் போன எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து டர்பன் கரையில் மீன்பிடித்தல் இந்தியக் குடும்பங்களின் தொழில்களில் ஒன்று என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

புகையைப் பொறுத்தவரை, மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல், தலைவலி பற்றிய புகார்கள் சுற்றுப்பகுதிகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. எரியும் பொருட்களின் முழுப்பட்டியல் மக்களுக்கு உடனே கிடைக்கவில்லை. ஒரு மருத்துவர் நோயாளியின் நுரையீரலைப் பார்த்து எந்த நஞ்சு என்று ஊகிக்க முடியாது. பெயர் தெரிந்தால்தான் சிகிச்சையையும் தொடர் கண்காணிப்பையும் முடிவு செய்யலாம். தீயணைப்பு வீரர்களின் நிலையும் இதுதான். சுவாச உருளை அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின் தாங்கும். பத்து நாள் கனலும் தீயில் அவர்கள் தோலிலும் உடையிலும் எது ஒட்டியது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த ஊரில் நாம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

கோப்பில் இருந்திருக்க வேண்டியவை

1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பேராபத்து நிறுவல்களுக்கான விதிகள் 2001 முதல் இருக்கின்றன. பெரும் விபத்தை உண்டாக்கக்கூடிய அளவு ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். தொழில் ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் அறிவிக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் வகுத்து உள்ளூர் அவசரப் பணியினருடன் ஒத்திகை பார்க்க வேண்டும். வீடுகளிலிருந்து போதிய தூரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளாட்சி புதிய நிறுவலை அனுமதிக்க வேண்டும். இதோடு, 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான சரக்கைச் சேமிக்கச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கிறது. மாநகராட்சியின் துணைவிதிகள் தனியே இருக்கின்றன.

யூ.பி.எல். அந்தக் கிடங்குக்குக் குடிபெயர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தீக்குப் பிறகு அரசுத் துறைகள் கூட்டாக நடத்திய விசாரணையின் அறிக்கை 2021லேயே வெளிவந்தது. செயல்படத் தொடங்கும் முன் பெற வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதியும் மாநகராட்சி அனுமதியும் பெறப்படவில்லை என்று அது கூறியது. நிறுவனம், நேர்ந்ததற்குக் காரணம் தீவைப்புத் தாக்குதலே என்று தன் தரப்பை முன்வைத்தது. சட்டப் பொறுப்பு யாருடையது என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். தீயணைப்பின் கோணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விண்ணப்பம் ஒன்று மாநகராட்சியின் மேசைக்கு வந்து முறைப்படி நடந்திருந்தால், அதன் வழியில் தீயணைப்புத் துறையின் ஆய்வாளர் ஒருவர் அந்தக் கிடங்கில் கால்வைத்திருப்பார். வடிகாலைப் பார்த்திருப்பார். வரம்புச் சுவரின் உயரத்தைக் கேட்டிருப்பார். பொருட்பட்டியல் கட்டுப்பாட்டு அறையில் இருந்திருக்கும். அனுமதிச் சீட்டு என்பதை அலுவலகச் சடங்காக நினைக்கிறோம். தீயணைப்புத் துறை ஒரு கட்டடத்தை அறிந்துகொள்ளும் வாசலே அதுதான்.

மாநகராட்சியையும் இதில் விட்டுவிட முடியாது. விண்ணப்பம் வரவில்லை என்பது ஒரு விடை. ஒரு புதிய கிடங்கு வளாகத்தில் லாரி லாரியாகச் சரக்கு இறங்கும்போது அது என்ன என்று போய்க் கேட்க ஒரு துறை ஆய்வாளர்களை வைத்திருக்க வேண்டாமா என்பது அதற்கு எதிர்க்கேள்வி. ஆய்வு அதிகாரிகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கையின் தலைப்புச் செய்தியாக ஒருபோதும் வருவதில்லை. புதிய வண்டி வாங்கினால் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

ஏற்கெனவே கற்றிருக்கக்கூடிய பாடங்கள்

1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கில், ஏறத்தாழ 1,350 டன் வேளாண் வேதிப்பொருட்கள் வைத்திருந்த இடத்தில், தீப்பிடித்தது. தீயணைத்த நீர் ரைன் ஆற்றைச் சிவப்பாக்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விலாங்கு மீன்கள் அழிந்தன. தீயணைப்பு நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி இல்லாமல் இத்தகைய கிடங்கு இருக்கக் கூடாது என்பதை ரைன் கரை நாடுகள் அந்த ஒரே தீயில் கற்றுக்கொண்டன. ஜெர்மனி 1990களின் தொடக்கத்தில் அதற்கென்றே விதிமுறை வகுத்தது. கார்னூபியாவுக்கு 35 ஆண்டுகள் முன்பு எழுதப்பட்ட பாடம் இது.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 1995 டிசம்பரில் கேப் டவுனுக்கு அருகே சோமர்செட் வெஸ்டில் தொழிற்சாலை ஒன்றின் கந்தகக் குவியலுக்குப் புல்வெளித் தீ பரவியது; கந்தக டையாக்சைடு மேகம் மக்காஸர் ஊரின் மீது கவிந்து ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக வெளியேற வேண்டியிருந்தது. அங்கும் பாதிக்கப்பட்டவர்கள் இன ஒதுக்கல் காலத்தில் ஆலைகளின் பக்கம் தள்ளப்பட்ட மக்கள். டர்பனின் தெற்கே மியர்பேங்க், வெண்ட்வொர்த் பகுதிகளில் எங்கள் சொந்தக்காரர்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வேலியை ஒட்டித்தான் வாழ்ந்துவந்தார்கள். 2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை அங்கே எஞ்சன் ஆலை வெடித்தது, கார்னூபியாவுக்கு ஏழு மாதம் முன்பு. இந்த நகரத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை வகுத்த அதே சட்டங்கள்தான் யார் எந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் வகுத்துவைத்திருக்கின்றன.

முன்கூட்டிய ஆய்வு தவறினால் வேதிப்பொருள் இல்லாமலேயே உயிர் போகும். 2000 மார்ச் 24ஆம் தேதி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், த்ராப் என்ற இரவு விடுதியின் பகல்நேர நடன நிகழ்ச்சியில் யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டு வீச, வெளியேறும் வழியில் நெரிந்து 13 குழந்தைகள் மாண்டனர். சாட்ஸ்வொர்த்தின் தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தேதியை மறந்தவர் இல்லை. 2018 செப்டம்பர் 5ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் அரசு அலுவலகங்கள் இயங்கிய பாங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடத் தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடம் பாதுகாப்பு விதிகளில் 21 விழுக்காட்டைத்தான் நிறைவு செய்திருந்தது என்று பின்னர் அரசே சொன்னது. 2023 ஆகஸ்ட் 31ஆம் தேதி அதே நகரில் உசிண்டிசோ கட்டடத் தீ எழுபதுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. அதன் உரிமையாளர் மாநகராட்சியே. இவை எதிலும் வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது.

எதை எண்ணுகிறோம்

நகராட்சிகள் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டிய குறியீடுகளைத் தேசிய நிதித்துறை வகுத்திருக்கிறது. தீயணைப்புக்கு அதில் முன்னிற்பது வருகை நேரம்: கட்டடத் தீ அழைப்புகளில் எத்தனை விழுக்காட்டுக்கு 14 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பது. இது தேவையான அளவுகோல். வீடு எரியும்போது நிமிடம்தான் உயிர். குறையொன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துறையை அதன் தலைமையும், மாநகராட்சி மன்றமும், மக்களும் ஒரே எண்ணை வைத்துப் பார்த்தால், பணம் அந்த எண்ணைத் தேடியே போகும். வண்டிக்கும் நிலையத்துக்கும் ஒதுக்கீடு கிடைக்கும். ஆய்வாளர் பணியிடம் காலியாகவே கிடக்கும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. ஆண்டறிக்கையில் இன்னும் சில எண்கள். ஆபத்தான பொருள் வைத்திருக்கும் இடங்கள் எத்தனை துறையின் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றில் எத்தனையை அந்த ஆண்டில் நேரில் போய் ஆய்வு செய்தார்கள். எத்தனைக்குத் தீயணைப்பு நீர்த் தேக்கம் இருக்கிறது. எத்தனையில் நிலையத்து வீரர்கள் ஒத்திகை பார்த்தார்கள். பேராபத்து நிறுவல் விதிகளின் திருத்திய வடிவம் 2023 தொடக்கத்தில் வெளிவந்துவிட்டதால், இப்படிப் பதிவேடு வைப்பதற்கு இப்போது சட்டத்தின் துணையும் முன்பைவிட வலுவாக இருக்கிறது. கிடங்கின் வெளிச்சுவரில், வண்டி நின்ற இடத்துக்கு அருகிலேயே எடுத்துப் படிக்கும்படி, பொருட்பட்டியலும் வடிகால் வரைபடமும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அதன் சாவி நிலையத்தில் இருக்க வேண்டும். காவலாளிகள் உயிருக்கு அஞ்சி ஓடிவிட்ட இரவிலும் அந்தப் பெட்டி அங்கேயே இருக்கும்.

நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின்படி, ஜூன் 30இல் முடிந்த ஆண்டின் அறிக்கை ஜனவரி மாத முடிவுக்குள் மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். உடனே பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மன்றம் தன் மேற்பார்வை அறிக்கையை அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஏற்க வேண்டும். இந்த இரண்டு மாதம்தான் நமக்கு உள்ள வாய்ப்பு. எழுத்தில் கொடுக்கும் கருத்தை யாரும் தரலாம். கோயில் அறங்காவலர் குழு தரலாம், தமிழ்ச் சங்கம் தரலாம், குடியிருப்போர் சங்கம் தரலாம், பிளாக்பர்ன் குடியிருப்பின் குழுவோடு சேர்ந்து ஒரே மனுவாகவும் தரலாம். கார்னூபியாவிலும் பீனிக்ஸ் தொழிற்பேட்டையிலும் உள்ள ஒவ்வொரு வேதிப்பொருள் கிடங்கையும் தீயணைப்புத் துறை கடைசியாக எந்தத் தேதியில் நேரில் பார்த்தது என்று அந்த மனு கேட்க வேண்டும்.